சாட்டனில் ஜேன் ஆஸ்டின் எழுதிய இடம்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், ஆல்ட்டன் வந்துவிடும். அங்கிருந்து அரை மணி நேர நடையில் சாட்டன் கிராமம். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை, அதாவது சாவதற்குச் சில வாரம் முன்பு வரை, குடியிருந்த செங்கல் வீடு அங்கேதான் இருக்கிறது, இப்போது மியூசியமாக. எந்த எழுத்தாளர் வீட்டுக்குப் போனாலும் எழுதிய அறை எது என்றுதான் முதலில் தேடுவேன். இங்கே அப்படி ஓர் அறையே கிடையாது.

சாப்பாட்டு அறை ஜன்னலோரம் வால்நட் மரத்தில் ஒரு குட்டி மேசை இருக்கிறது, விளிம்பில் பன்னிரண்டு பக்கம். அவர் எழுதியது இதில்தான் என்கிறார்கள். தாளும் மைக்கூடும் வைத்தால் முழங்கை ஊன்ற இடமிருக்காது. 2017இல் வந்த பத்து பவுண்டு நோட்டில் ஆஸ்டின் படத்துக்குப் பின்னால் இருக்கும் வடிவம் இந்த மேசையைப் பார்த்துப் போட்டதுதான். ஜன்னலுக்கு வெளியே நேராக ரோடு. குதிரை பூட்டிய கோச் வண்டிகள் ஓயாமல் போய்வந்த ரோடு அது; வண்டியில் போன ஒருவர், இந்தக் குடும்பம் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, போன இடத்தில் சொல்லியே இருக்கிறார். வரவேற்பறையில் ரோட்டுப் பக்க ஜன்னலை அண்ணன் எட்வர்ட் அடைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் வேறு திறந்து கொடுத்தார். பேசாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும்.

அப்புறம் இந்த வீட்டின் கிறீச்சிடும் கதவு. ஆள் வருவது முன்கூட்டியே தெரியட்டும் என்று ஜேன் அதைச் சரிசெய்ய விடமாட்டார், சத்தம் கேட்டதும் சின்னச் சின்னத் தாள்களை மறைத்துவிடுவார் என்று அவருடைய அண்ணன் மகன் பிற்காலத்தில் எழுதினார். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். எழுதிய புத்தகத்துக்கு 110 பவுண்டு கிடைத்ததே, 150 கேட்டோமே என்று கணக்குப் பார்த்தவர், வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவர், அவ்வளவு பயந்தா எழுதியிருப்பார்? ஆனால் தாள்கள் சின்னவை என்பது உண்மை. 'பெர்சுவேஷன்' நாவலில் அவர் கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரித் தாள்கள்.

கதவை விட எனக்கு முக்கியமாகப் பட்டது சமையலறைதான். வீட்டில் நான்கு பெண்கள்: அம்மா, அக்கா கஸாண்ட்ரா, தோழி மார்த்தா லாயிட், ஜேன். ஜேனுக்குக் காலைச் சாப்பாடு போடுவதும், டீ, சர்க்கரை அலமாரியைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. மற்ற பாரமெல்லாம் பெரும்பாலும் கஸாண்ட்ரா, மார்த்தா தலையில். மார்த்தா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு இந்த மியூசியத்திலேயே இருக்கிறது. ஜேன் தன் பழைய கையெழுத்துப் பிரதிகளை இங்கே திருத்தி, 1811இல் ஒன்று, 1813இல் ஒன்று என்று வெளியிட்டு, அதற்கு மேல் புதிதாக மூன்று நாவல் எழுதியிருக்கிறார் என்றால், அதற்கான நேரத்தை யார் கொடுத்தார்கள்? மேசையைப் போட்டோ எடுக்கத்தான் ஆள் நிற்கிறது, அந்த நோட்டுப் பக்கம் கூட்டமே இல்லை.

அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் எட்வர்டின் மாளிகை. பணக்கார உறவினர் தத்தெடுத்ததால் வந்த சொத்து, தங்கைகளுக்கு இந்த வீட்டைக் கொடுத்ததும் அதிலிருந்துதான். இப்போது அங்கே பழைய காலப் பெண் எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கென்றே ஒரு நூலகம் நடக்கிறது. அறைகளுக்குக் குறைவே இல்லை. நேரமிருந்தால் அதையும் பார்த்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புங்கள்.