21ஆம் நாள் ரத்தம்

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிது. 'பிராஜெஸ்டிரோன், 21ஆம் நாள்' என்ற சீட்டோடு (முட்டை வெடித்ததா என்று காட்டும் ஹார்மோன் அது) வருபவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: "கடைசியா தூரமானது எப்பம்க்கா?" எண்ணிப் பார்த்து 21 வந்தால் கையை நீட்டச் சொல்லிவிடுவேன்.

சின்னத்துறை மீனவக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வருவார். கல்யாணமாகி ஆறு வருஷம். முதல் தடவை 0.5. மூன்றாவது தடவையும் அதேபோலத்தான். முட்டை வெடித்திருந்தால் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமையாவது தாண்டியிருக்க வேண்டும். "எனக்கு முட்டையே வராதாம் மக்கா" என்றார், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரைப் பார்த்த மேடம், "இவங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்க வருது?" என்று கேட்டார். மூன்று தேதிகளையும் நான்தான் எழுதியிருந்தேன். இடைவெளி 35, 36 நாள். கழித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

21 என்பது 28 நாள்காரர்களின் கணக்கு. மாதத்தின் முன்பாதி ஆளுக்கு ஆள் இழுக்கும். சினைப்பையில் முட்டைக்கூடு வளர வளர ஈஸ்ட்ரோஜென் ஊறும். முதலில் அது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கித்தான் வைக்கிறது. அளவு நன்றாக ஏறி இரண்டு நாள் போல நின்றால், அடக்கிய அதே ஈஸ்ட்ரோஜென் தூண்டிவிட ஆரம்பிக்கிறது. (பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி, இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.) பிட்யூட்டரி விடும் எல்ஹெச் ஹார்மோன் குபீரென்று ஏறி, ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கிறது. காலியான கூடு மஞ்சள் திட்டாகிப் பிராஜெஸ்டிரோன் சுரக்கும். கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் சுருங்கிவிடும். இந்தப் பின்பாதி அவ்வளவாக மாறாது. ஆகவே அடுத்த தீட்டிலிருந்து 7 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த அக்காவுக்கு அது 28ஆம் நாள். 21இல் முட்டை வெடித்திருந்தாலே அதிகம்.

மேடம் டாக்டருக்குப் போன் போட்டார். அடுத்த மாசம் 28ஆம் நாள் எடுத்தோம்: 11.2.

அக்கா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பம் எப்ப வெடிச்சிருக்கும்?" என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றேன். விரல் மடக்கி எண்ணினார்.

"அன்னைக்கு அவிய ஆழ்கடல்லல்லா கெடந்தாவ."