டர்ட் பைக் ஓட்டக் கையில் எந்த வாட்ச்?

கொள்ளிடக் கரையில் டர்ட் பைக் ஓட்டும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபிட்னஸ் வாட்ச் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

மணிக்கட்டு வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதை வைத்துத்தான் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. மணலில் முன் சக்கரம் புதைகிறபோது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம். முன்கைத் தசை விடைக்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது, இன்ஜின் அதிர்வு வேறு. வாட்ச் தடுமாறிவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கையில் திரையில் 95 என்று நிற்கும். வண்டியை விட்டு இறங்காமலே காலடிக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். விலை கூடிய வாட்ச்சிலும் இது முழுதாகத் தீர்வதில்லை.

அதனால் நான் நெஞ்சுப் பட்டையைத்தான் சொல்வேன். போலார் எச்10 போன்றவை இதயத்தின் மின்துடிப்பையே நேராக வாங்கி, புளூடூத் வழியே அனுப்புகின்றன. மார்புக் கவசத்தின் அடியில் உறுத்தினால், மேல்கையில் கட்டும் பட்டை இருக்கிறது. வாங்கப் போகும் வாட்ச், இந்தப் பட்டைகள் போன்ற வெளி சென்சாரை ஏற்குமா என்பதைத்தான் கடையில் முதலில் கேளுங்கள். சேறு அப்பிய கையுறையோடு தொடுதிரை வேலைக்கு ஆகாது, பட்டன் வேண்டும். 5 ஏடிஎம் (நீரழுத்தத்தைத் தாங்கும் அளவு) நீர்த்தாங்குதிறன் வாய்க்காலுக்குப் போதும்.

சித்திரை வெயிலில் இந்த இதயத் துடிப்பு எண் மிக முக்கியம். வண்டியை நிறுத்திய பிறகும் துடிப்பு இறங்காவிட்டால் கவசத்தைக் கழற்றி நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பட்டையை அலசிக் காயவையுங்கள். வியர்வை உப்பு அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.