பத்து மாதச் சாவி

ஜெர்மனியில் முதுகலை படித்த காலத்தில் மூன்று சீசன் ஒரு கூடைப்பந்து கிளப்பில் பகுதிநேர வேலை பார்த்தேன். வடக்கு பவேரியாவில் ஒரு சின்ன ஊர், இரண்டாம் டிவிஷன் அணி, மாதம் 450 யூரோ. ஆட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆகஸ்ட் மாதம் வந்து இறங்கும் அமெரிக்க ஆட்டக்காரர்களை ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கிளப் வேனில் கூட்டி வருவேன், சீசன் நடக்கும் பத்து மாதத்துக்கு வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பேன், மருத்துவப் பரிசோதனைக்கும் வங்கிக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் கூடவே போவேன். அந்த அலுவலகத்தில் எனக்கும் வேலை இருக்கும், என் விசாவும் அங்கேதான் புதுப்பிக்க வேண்டும். அதனால் பல நாள் நானும் அவர்களும் ஒரே வரிசையில் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"என்.பி.ஏ. கிடைக்கவில்லை, அதனால் ஐரோப்பா வந்துவிட்டான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக். அதில் 30 அணிகள், அணிக்கு 15 நிரந்தர இடங்கள், ஆக மொத்தம் 450 பேர். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. வருடா வருடம் படிப்பு முடிந்து வெளியே வருகிற அத்தனை பேரும் எங்கே போவார்கள்? சிறு வயதிலிருந்து கற்ற ஒரே தொழில், அதைச் செய்யச் சம்பளம் தர இத்தாலியும் துருக்கியும் ஜெர்மனியும் தயாராக இருக்கின்றன. கிளம்பி வருகிறார்கள். நம் ஊரிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லையே.

நான் அதிகம் பழகியது 2017-ல் வந்த ஒருவனோடு. வயது 23, உயரம் 2.06 மீட்டர், அதற்கு முன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. சனிக்கிழமை இரவு வந்து சேர்ந்தான். மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். திங்கள் காலை பார்த்தால், விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டைத் தவிர அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அது முழுக்க என் தவறு. அதிலிருந்து யார் வந்தாலும் முந்தின நாளே ஃபிரிட்ஜில் முட்டை, பால், ரொட்டி வாங்கி வைக்க ஆரம்பித்தேன். கட்டிலும் இரண்டு மீட்டர்தான், கால் வெளியே தொங்கியது. கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மேலே தலையணையை வைத்துக் கட்டினோம்.

அப்புறம் கார். ஒப்பந்தத்தில் சம்பளம், வீடு, கார், விமான டிக்கெட் எல்லாம் எழுதியிருக்கும், ஆனால் கார் ஆட்டோமேட்டிக்கா கியர் வண்டியா என்று எழுதியிருக்காது. ஸ்பான்சர் கொடுத்தது கியர் வண்டி. அவன் வாழ்நாளில் கிளட்சை மிதித்ததில்லை. ஒரு வாரம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின், அரங்கத்துக்குப் பின்னால் இருந்த பார்க்கிங்கில் நான் சொல்லிக்கொடுத்தேன். இருபது தடவை வண்டி நின்றுபோயிருக்கும், இருபது தடவையும் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆட்டத்துக்குள்ளும் இதே கதைதான். எந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளியோ, அந்தக் கோடு கல்லூரியில் அப்போது 6.32 மீட்டர், இங்கே 6.75. அங்கே பந்து கிடைத்ததும் கூடையை நோக்கி எறிய 30 நொடி, இங்கே 24. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும்போது பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஊன்றிய கால் எழுந்துவிட்டால் இங்கே நடுவர் உடனே டிராவலிங், அதாவது பந்தோடு நடந்த தவறு, என்று விசில் ஊதுவார், அமெரிக்காவில் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முதல் மாதம் ஒவ்வொரு ஆட்டத்திலும் இவனுக்கு அந்த விசில் விழுந்தது. பத்து வருடமாகக் காலுக்குப் பழகிப்போன ஒன்றை நான்கு வாரத்தில் மாற்று என்றால் எப்படி? மாற்றினான், ஆனால் மாற்றுகிற அந்த மாதத்தில் மற்ற எல்லாமும் சேர்ந்து தடுமாறியது.

தடுமாற இங்கே நேரம் கிடையாது. இதைத்தான் நான் கிட்ட இருந்து பார்த்தேன். என்.பி.ஏ.வில் 82 ஆட்டங்கள், ஒரு தோல்வியை இரண்டு நாளில் மறந்துவிடலாம். கடைசியாக வந்தாலும் அந்த அணி அடுத்த வருடமும் அதே லீக்கில்தான் இருக்கும். இங்கே பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம், தோற்றால் ஏழு நாளும் ஊர் பேசும், கடைசி இடத்துக்கு வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும், ஸ்பான்சர் போய்விடுவார், அலுவலகத்தில் இருக்கிற நாலைந்து பேருக்கும் வேலை நிச்சயமில்லை. அந்தப் பயம் எல்லாம் வெளிநாட்டவர்கள் மேல் இறங்கும். எங்களிடம் நான்கு அமெரிக்கர்கள் இருந்தார்கள். வெளிநாட்டவருக்கு அணியில் இவ்வளவு இடம்தான் என்று விதி இருப்பதால் அந்த ஒவ்வோர் இடமும் தங்கம். உள்ளூர்ப் பையன் சுமாராக ஆடினால் பரவாயில்லை, வளர்ந்துவிடுவான். அமெரிக்கன் சுமாராக ஆடினால் ஏன் இவனை எடுத்தோம் என்பார்கள்.

ஜனவரியில் அவனை அனுப்பிவிட்டார்கள். ஏஜென்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். வீட்டுச் சாவியை வாங்கி வரும் வேலை என்னுடையது. பொருள் பட்டியலை வைத்துக்கொண்டு நான் தட்டு, கரண்டி எண்ணினேன், அவன் பெட்டி கட்டினான். இரவு இரண்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் அப்போது மாலை எட்டு, அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். நீக்கிவிட்டார்கள் என்று சொல்லவில்லை, ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னான். அதற்கு முந்தைய நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளான வியாழக்கிழமை, இரண்டு வேளைப் பயிற்சி முடிந்து வந்து, வழக்கமான முழு வான்கோழி அடுப்பில் நுழையாமல் கோழியை வறுத்து எங்களையெல்லாம் கூப்பிட்டதும் அதே சமையலறையில்தான். கிளப் அவனுக்குச் சேரவேண்டிய பணத்தை ஒழுங்காகக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எங்கள் அணியின் மூத்த அமெரிக்கர் ஒருவருக்கு வேறொரு நாட்டில் நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளுக்காகவே 2007-ல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை விதிக்கலாம். அவருக்குப் பணம் வந்தது, ஆனால் வருவதற்குள் அடுத்த சீசனே முடிந்துவிட்டது.

அந்த மூத்தவர்தான் எனக்குக் கைல் ஹைன்ஸைப் பற்றி விரிவாகச் சொன்னார். ஹைன்ஸ் ஓர் அமெரிக்க ஆட்டக்காரர். விளையாடியது சென்டர் என்கிற, கூடைக்கு அருகே நிற்கும் நடு இடத்தில், உயரமோ 1.98 மீட்டர்தான், அந்த இடத்துக்கு அது குறைவு. பெரிய பெயரில்லாத கல்லூரியிலிருந்து 2008-ல் இத்தாலியின் வெரோலி என்ற சின்ன ஊருக்கு, இரண்டாம் டிவிஷனுக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து எங்கள் பக்கத்து ஊரான பாம்பெர்க். 2011-ல் அந்த அணி ஜெர்மன் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. அப்புறம் கிரீஸின் ஒலிம்பியாகோஸுடன் 2012, 2013-லும், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ.வுடன் 2016, 2019-லும் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக் பட்டம். நான்கு ஐரோப்பியப் பட்டங்கள், என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட இல்லை. எத்தனை புள்ளி எடுத்தார் என்று கேட்டால் பெரிய எண்ணாக இருக்காது. தன்னைவிட ஒரு சாண் உயரமானவர்களை இடுப்பாலும் காலாலும் தடுத்து நிறுத்துவார், எதிரணிக்காரனின் வழியில் அசையாமல் நின்று சக ஆட்டக்காரனுக்குத் திரை போடுவார், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பார்.

மூத்தவர் சொன்னது இது: இங்கே வருகிற பையன்கள் 25 புள்ளி எடுத்தால் அடுத்த வருடம் பெரிய கிளப் கூப்பிடும் என்று நினைக்கிறார்கள், ஆனால் கோச் தேடுவது அந்த அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அதைச் செய்கிறவனை. நான் அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அந்த வேலை எது என்று கண்டுபிடிக்கவே ஒருவனுக்கு ஒரு முழு சீசன் வேண்டும். கிளட்ச் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆனதே.

பிப்ரவரியில் அந்த வீட்டுக்கு வேறொருவன் வந்தான். ஸ்டூலும் தலையணையும் கால்மாட்டில் அப்படியே இருந்தன. அவன் 1.88 மீட்டர்தான், எதற்கு இது என்று கேட்டான்.

ஜனவரியில் ஊருக்குப் போனவனிடமிருந்து செப்டம்பரில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது, ருமேனியாவிலிருந்து. கூடவே ஒரு படம், கையில் காய்கறிப் பையோடு சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கிறான். "இன்று ஞாயிறு, கடை திறந்திருக்கிறது. கார் இங்கேயும் கியர் வண்டிதான், ஒரு தடவைகூட நிற்கவில்லை."