வளர்ப்புதான் என்று சொன்னேன்

“அப்ப என் வளர்ப்புதான் சரியில்லைங்கிறீங்களா டாக்டர்?”

அந்த அம்மா இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினெட்டு வருஷமாக நாய்களைத் தொட்டுப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. “அவனுக்குத் தண்ணி வெச்சிருக்கீங்களா?” என்று அவர் நாயைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

அதற்கு எட்டு மாதம் முன்பு அவரிடம் மூச்சுவிடாமல் பேசியவளும் நான்தான். 2024 மே மாதம், நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுக் குழந்தையைக் கடித்த செய்தி வந்த வாரம். அதற்கு முன்பு மார்ச்சிலேயே மத்திய அரசு 23 நாய் இனங்களைப் பட்டியல் போட்டு, இவற்றை விற்கவும் வளர்க்கவும் அனுமதிக்காதீர்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தானது யாருக்கும் ஞாபகமில்லை, பட்டியல் மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஒருவர் தன் மூன்று வயது நாயை “ஊசி போட்டு முடிச்சிடுங்க மேடம்” என்று போனிலேயே கேட்டார், ஏதோ கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற மாதிரி. அந்த எரிச்சலில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சமாதானத்துக்காகவும்தான்.

அந்த அம்மாவும் அவர் கணவரும் சீசரைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த வாரம்தான். ராட்வீலர், ஆண், 48 கிலோ. மகன் ஆசைப்பட்டு வாங்கியது. மகனுக்கு வேலை பெங்களூருக்கு மாறிய பிறகு நாய் இவர்களிடம் தங்கிவிட்டது. பகலில் மாடியில் சங்கிலி, ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். லீவுக்கு வந்திருந்த நாலு வயதுப் பேத்தியும் கூட வந்திருந்தாள். கேள்வி ஒன்றுதான்: “இதை வெச்சுக்கலாமா டாக்டர், இல்ல யாருக்காச்சும் குடுத்துடலாமா?”

“இனத்துல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் வளர்ப்புதான்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வைச் சொன்னேன். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் விவரம் வாங்கி, இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது அது. எனக்கு மனப்பாடம். ராட்வீலர் என்பது ஜெர்மனியில் மாடு ஓட்டவும் இறைச்சிக்கடை வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய், கொலைகாரன் இல்லை என்றும் சொன்னேன்.

அதற்குள் எங்கள் உதவியாளர் அண்ணன், யாரும் சொல்லாமலேயே, சீசருக்கு வாய்மூடி கட்ட வந்துவிட்டார். அந்த அம்மா அதைப் பார்த்தார். அதே மேஜையில் ஐந்து நிமிஷம் முன்புவரை ஒரு பொமரேனியன் வாய்மூடி இல்லாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருந்தார். “இனம் இல்லன்னீங்க. இதுக்கு மட்டும் எதுக்கு?” என்றார்.

“வாய் பெரிசும்மா, அதான்” என்றேன் சிரித்துக்கொண்டே.

இப்போது யோசித்தால் அன்று நான் சொன்னதிலேயே நேர்மையான வாக்கியம் அதுதான். என் வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு ஒரு டாஷ்ஹண்டுடையது. மணிக்கட்டில் இருப்பது பொமரேனியன். ராட்வீலர் என்னை ஒருமுறைகூடக் கடித்ததில்லை. இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் ராட்வீலருக்கு நாங்கள் எப்போதும் வாய்மூடி போட்டுவிடுகிறோமே, எப்படிக் கடிக்கும்? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவில்லை. டாஷ்ஹண்ட் கடித்தபோது டிங்ச்சர் போட்டு, ஊசி போட்டுக்கொண்டு, மாலையே வேலைக்கு வந்துவிட்டேன். கடிக்குமா என்பது ஒரு கேள்வி, கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அந்த அம்மா கேட்டது இரண்டாவதை. நான் முதலாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு, இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஊசி போட்டு முடித்து வாய்மூடியைக் கழற்றியதும் அண்ணன் தரையில் இரண்டு பிஸ்கட் போட்டார். பேத்தி குனிந்து பார்த்தாள். சீசர் தின்பதை நிறுத்தினான். பிஸ்கட்டுக்கு மேலே வாய் அப்படியே நின்றது, உடம்பு விறைத்தது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினான், விழியின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது. இரண்டு விநாடி இருக்கும். தாத்தா பேத்தியை இழுத்துக்கொண்டார். அவன் மறுபடி தின்றான். உறுமவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் வருஷ மாணவிக்கும் தெரியும். நான் பார்த்தேன். 9 சதவீதத்தின் நடுவில் இருந்தேன், பேச்சை நிறுத்தவில்லை.

நிறுத்தி, “சாப்பிடும்போது யாரும் கிட்டப் போகாதீங்க” என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இனமா வளர்ப்பா என்கிற வழக்கே அதற்குத் தேவையில்லை.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், அந்த வீட்டில் வேலை செய்த பெண் சீசர் தின்றுகொண்டிருந்த தட்டை நகர்த்தியிருக்கிறார். முழங்கைக்குக் கீழே இரண்டு ஆழமான காயம். நல்லவேளை, சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், வெறிநோய் வராமல் தடுக்கக் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுவிட்டார்கள். நாய்க்கு வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பதால் நான் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் அந்தக் கேள்வி.

தாயைப் போல பிள்ளை என்றும் சொல்கிறோம், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும் சொல்கிறோம். எது சௌகரியமோ அது. எங்கள் ஊர்ப்பக்கம் ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் ‘எஜமானைத் தவிர யாரையும் அண்டவிடாது’ என்று மீசையை முறுக்குவார்கள், அது இனத்தின் பெருமை. கடித்துவிட்டால், கேட்டைத் திறந்து போட்டவன் தப்பு. நான் மட்டும் என்ன ஒழுங்கு? இனம் 9 என்றால் மிச்சம் 91-ஐயும் வளர்ப்புக் கணக்கில் எழுதியது நான்தான், அந்த ஆய்வு எழுதவில்லை. அந்த 91-ல் அந்த நாயைப் பெற்ற தாயும் தகப்பனும் இருக்கிறார்கள், வலி இருக்கும், பயம் இருக்கும், அந்த நேரத்துத் தட்டும் இருக்கும். வளர்ப்புதான் என்று சொன்னால் நாய் தப்பிக்கிறது, அந்தப் பழி அறுபத்தைந்து வயதில் மகன் விட்டுப்போன நாய்க்குத் தயிர்சாதம் பிசைந்து போடுகிற ஒரு அம்மா தலையில் இறங்குகிறது. அதை நான் யோசிக்கவே இல்லை.

தண்ணீர்ப் பேச்சுக்குப் பிறகு அவர் சீசரின் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தார். குட்டியை வாங்கும்போது 40 நாள். முதல் ஊசி எங்கள் கிளினிக் முத்திரை. மகன் கொண்டுவந்திருக்க வேண்டும், எனக்கு ஞாபகமில்லை. கீழே என் கையெழுத்தில்: ‘தடுப்பூசி முடியும்வரை வெளியே விட வேண்டாம்.’

மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினாலாவது வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்கிற காலம். அதில் கால்வாசி, விற்றவர் கூண்டில் போயிருக்கும். மீதி முக்கால்வாசியை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கச் சொன்னது நான். வேறு வழி? பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து கண்முன்னே சாவதை வாரம் ஒருமுறை பார்க்கிறவள் அப்படித்தான் எழுதுவாள். நாளைக்கும் எழுதுவேன். அட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை.

பத்து நாளும் சீசர் நன்றாக இருந்தான். இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறான். அந்த வேலைக்காரப் பெண் திரும்ப வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரிடம் போய் இனமா வளர்ப்பா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்து.

போன வாரம் ஒரு இளைஞர் 45 நாள் ராட்வீலர் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். எடை மெஷினில் வைத்தால் தூங்கிவிட்டது, நாலரை கிலோ. “மேடம், இது கடிக்குமா?” என்றார். அட்டையில் வழக்கமான வரியை எழுதிவிட்டு, அதன் கீழே ‘தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்த் தினமும் தெருவைக் காட்டவும், ஆட்களைப் பழக்கவும்’ என்று எழுதினேன்.

“எவ்வளவு நேரம் மேடம்?”

“முடிஞ்ச வரைக்கும்” என்றேன். முதல் கேள்வியை அவர் மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்தவில்லை.