பெரிய கோழியை முதல்ல வெட்டாதீங்க

வீட்ல கறிக்கோழி வளர்க்கறவங்க நிறைய பேர்கிட்ட ஒரே பழக்கம் இருக்கு. கூட்டத்துல எது சீக்கிரமா கனத்து நெஞ்சு நிமிர்த்தி நிக்குதோ அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க, ஒண்ணு அடுப்புக்குப் போகும் இல்லைன்னா விலைக்குப் போகும். கடைசில மிஞ்சறது சவலையும் நோஞ்சானும்தான், அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறைக்கு அப்பா அம்மா. இப்படியே நாலஞ்சு தலைமுறை போனப்புறம் "முன்ன மாதிரி பெருசா வர மாட்டேங்குது, தீவனம்தான் சரியில்ல போல"ன்னு தீவனத்தை மாத்திப் பார்ப்பாங்க, டானிக் ஊத்திப் பார்ப்பாங்க. தீவனத்துல ஒண்ணும் இல்லங்க. நல்ல ரத்தத்தை நாமளே வெளிய அனுப்பிட்டோம், அவ்வளவுதான் விஷயம். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது இதுதான்: பெரிய கோழி வேணும்னா வளர்க்கறதை விட எதை விதைக்கு, அதாவது அடுத்த குஞ்சு எடுக்க, நிறுத்தறோம்ங்கறதுலதான் முக்கால்வாசி வேலை இருக்கு.

இந்தத் தேர்வுக்கு எவ்வளவு பலம்னு காட்ட ஒரு கணக்கு சொல்றேன். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 1957லயும் 1978லயும் இருந்த கறிக்கோழி வகைகளை மேல தேர்வு எதுவும் பண்ணாம அப்படியே காப்பாத்தி வெச்சிருந்தாங்க. அதுங்களையும் 2005ஆம் வருஷத்து பிராய்லரையும் ஒரே தீவனத்துல ஒரே பராமரிப்புல வளர்த்துப் பார்த்தாங்க, ஆய்வு 2014ல வெளிவந்துச்சு. 56ஆவது நாள் சராசரி எடை, 1957 வகை 905 கிராம், 1978 வகை 1,808 கிராம், 2005 வகை 4,202 கிராம். தீவனம் ஒண்ணுதான், பராமரிப்பும் ஒண்ணுதான், ஆனா நாலு மடங்குக்கு மேல வித்தியாசம். பிராய்லர்னாலே ஹார்மோன் ஊசின்னு பேசறவங்க இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படறேன். அத்தனையும் தலைமுறை தலைமுறையா எடை போட்டு, நல்லதை நிறுத்தி, மத்ததைக் கழிச்சதால வந்தது.

சரி அப்படின்னா பிராய்லரையே வளர்த்து முட்டை வெச்சுக் குஞ்சு எடுக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்கலாம், ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, கைக்கு வர்ற பிராய்லர் ஒரு இனமே இல்ல, தனித்தனியா காப்பாத்தற நாலு வரிசைக் கோழிகளைக் கலந்து கலந்து கடைசில வர்ற கலப்பு அது, அதோட குஞ்சுங்க ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு சிதறித்தான் வரும், அப்பன் மாதிரியே வரும்னு எதிர்பார்க்க முடியாது. ரெண்டாவது, அது முட்டை வைக்கற வயசு வரைக்கும் உயிரோட இருக்கணும். வயிறு நிறையத் தின்னா காலும் இதயமும் தாங்காது, அதனால தாய்க்கோழியா நிறுத்தறதுன்னா குஞ்சுப் பருவத்துலருந்தே தீவனத்தை அளந்து அளந்து போடணும். பசியோட நம்மளையே பார்த்துட்டு நிக்கற கோழிக்கு தினமும் அளந்து போடறது எனக்கு மனசுக்கு ஒப்பல, அதனால நான் அந்தப் பக்கம் போகல.

வீட்டுக்குச் சரிப்பட்டு வர்றது கனமான பழைய இனங்கள், அதுங்களோட கலப்பு. இங்க ஒரு விஷயத்தைச் சரியா புரிஞ்சுக்கணும், பெரிய கோழி வேற, நிறையக் கறி இருக்கற கோழி வேற. ஜெர்சி ஜெயன்ட் சேவல் நல்லா முத்தினா 6 கிலோ கிட்ட வரும், பெட்டை நாலரைக் கிலோ, பார்க்கறதுக்கே கம்பீரமா இருக்கும், ஆனா அது முதல்ல எலும்பைத்தான் கட்டும், சதை பிடிக்க அரை வருஷத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் தீவனம் போய்க்கிட்டே இருக்கும். பிரம்மாவும் பெருசுதான், ஆனா இறகுதான் ஆளை ரொம்பப் பெருசா காட்டும், உரிச்சுப் பார்த்தா ஏமாத்தமா இருக்கும். கறிக்குன்னு பார்த்தா கார்னிஷ்தான். அது இங்கிலாந்துல கார்ன்வால் பகுதியில உருவானது, அதுக்குள்ள ஓடறது நம்ம நாட்டு சண்டைக்கோழி இனமான அசிலோட ரத்தம். கார்னிஷோட அகலமான நெஞ்சும், அகட்டி நிக்கற காலும், உடம்போட ஒட்டின இறகும் அசில்லருந்து வந்தது. 1948ல அமெரிக்காவுல "நாளைய கோழி"ன்னு ஒரு பெரிய போட்டி நடத்தினாங்க, அதுல ஜெயிச்சது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்ட்ரஸ் கொண்டு வந்த கலப்பு, கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயர்ங்கற கோழி இனத்தையும் சேர்த்தது. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கற பிராய்லருக்கும் அப்பன் பக்கம் கார்னிஷ்தான்.

அந்தக் கலப்புல இருக்கற யோசனையை நாம வீட்லயே எடுத்துக்கலாம். கார்னிஷ் பெட்டை முட்டை ரொம்பக் கம்மியா வைக்கும், அதையே தாயாவும் நிறுத்தினா குஞ்சுக்கே பஞ்சம் ஆயிடும். அதனால சேவல் பக்கம் கறி, பெட்டை பக்கம் முட்டையும் உடம்பும், அதாவது கார்னிஷ் சேவல் இல்லைன்னா நல்ல கட்டான அசில் சேவல், அதோட ப்ளிமத் ராக், நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி கனமான, முட்டையும் வைக்கற பெட்டைங்க. பெட்டைங்க கோடு போட்ட ப்ளிமத் ராக்கா இருந்து சேவல் கோடு இல்லாத கருப்பு இல்ல சிவப்பா இருந்தா இன்னொரு லாபம், பொரிச்ச அன்னிக்கே ஆண் குஞ்சுக்குத் தலையில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், பெண்ணுக்கு இருக்காது, அப்பவே தனியா பிரிச்சு வளர்க்கலாம். வெயில் ஜாஸ்தியான இடம்னா கழுத்துல இறகில்லாத வகையையும் சேர்த்துக்கோங்க, அந்த மரபணு ஒரு பக்கத்துலருந்து வந்தாலே உடம்பு இறகு குறைஞ்சிடும், சூடு சீக்கிரம் இறங்கும், அதனால வெயில்லயும் தீனி எடுக்கும்.

இப்ப தேர்வு. எல்லாக் குஞ்சையும் ஒரே வயசுல எடை போடணும், இதுல சமரசமே கூடாது. எட்டாவது வாரம் ஒரு தடவை, பன்னெண்டாவது வாரம் ஒரு தடவை, காலைல தீவனம் வைக்கறதுக்கு முன்னாடி, தீனிப்பை காலியா இருக்கறப்ப. தின்னுட்டு வந்த கோழியையும் பட்டினிக் கோழியையும் ஒண்ணா எடை போட்டா அது கணக்கே இல்ல. ஆணை ஆணோட, பெண்ணைப் பெண்ணோட, ஒரே ஈட்டுல பொரிச்சதை அந்த ஈட்டோடதான் ஒப்பிடணும். கால்ல நம்பர் வளையம் போட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க, ஞாபகத்துல இருக்கும்னு விட்டா இருக்காது, ஏன்னா நம்ம கண்ணு எப்பவும் நல்ல கலரா இருக்கறதைத்தான் பெருசுன்னு சொல்லும்.

தராசு பாதிதான், மீதி கை சொல்லும். கோழியை எடுத்து நெஞ்சை உள்ளங்கையில ஏந்திக்கோங்க, நடு எலும்பு ஓடறது விரலுக்குத் தெரியும். சதை இல்லாத கோழிக்கு அந்த எலும்பு கத்தி முனை மாதிரி கையைக் குத்தும், ரெண்டு பக்கமும் சரிஞ்சு பள்ளமா போகும். நல்ல கோழிக்கு எலும்பைத் தேடணும், ரெண்டு பக்கமும் சதை உருண்டு மேல வந்து எலும்போட சமமா நிக்கும், சதை முன்னாடி மட்டும் இல்லாம வால் பக்கம் வரைக்கும் போயிருக்கும். எலும்பு நேரா இருக்கான்னு விரலை ஓட்டிப் பாருங்க, கோணலா இருந்தா எவ்வளவு எடை இருந்தாலும் விதைக்கு வேணாம். அப்புறம் தரையில விட்டு நடக்க விடுங்க. முட்டி ரெண்டும் உள்ள இடிக்கறது, விரல் மடங்கறது, ரெண்டு எட்டு வெச்சு உக்காந்துக்கறது, இதெல்லாம் இருந்தா கறிக்கு மட்டும்தான். தீவனத்தட்டை ஒரு கோடியில வெச்சு மறு கோடியில கோழியை விட்டா யார் ஓடி வர்றாங்கன்னு பார்க்கலாம், பெரிய உடம்பைத் தூக்கிட்டு ஓடி வர்றதுதான் எனக்குப் பிடிச்ச கோழி.

சேவல்ல ரொம்பக் கறாரா இருங்க, பத்துக்கு ஒண்ணு நிறுத்தினா போதும், ஏன்னா ஒரு சேவல் அத்தனை குஞ்சுக்கும் பாதி ரத்தம் குடுக்குது. பெட்டையில மூணு நாலுக்கு ஒண்ணு நிறுத்தலாம், ஆனா அங்க எடை மட்டும் பார்த்தா முட்டை குறைஞ்சுக்கிட்டே வரும், உடம்பு எடையும் முட்டை எண்ணிக்கையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கறது. அதனால எடையில மேல் வரிசையில இருக்கறதுல நல்லா முட்டை வைக்கறதை எடுங்க.

சேர்க்கை விடறப்ப கனமான இனத்துக்கு ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டைக்கு மேல வேணாம். சேவலோட முள்ளை மழுக்கி விடுங்க, பெரிய சேவல் ஏறி ஏறி பெட்டை முதுகு கிழிஞ்சு போகும். சேவலை மாத்தினா மூணு வாரம் கழிச்சு எடுக்கற முட்டைதான் புது சேவலோடதுன்னு நம்பலாம், பழைய விந்து பெட்டை உடம்புல ரெண்டு வாரத்துக்கு மேல தங்கும். சொந்தத்துக்குள்ளயே சேராம இருக்க ஒரு சுலபமான வழி இருக்கு, கோழிகளை மூணு குடும்பமா பிரிச்சு வளையக் கலரை மாத்திடுங்க, பெண் குஞ்சுங்க பிறந்த குடும்பத்துலயே இருக்கும், ஆண் குஞ்சுங்க எப்பவும் அடுத்த குடும்பத்துக்குப் போகும், ஒண்ணுலருந்து ரெண்டுக்கு, ரெண்டுலருந்து மூணுக்கு, மூணுலருந்து ஒண்ணுக்கு. வெளிலருந்து ரத்தம் கொண்டு வராமலே பல வருஷம் ஓட்டலாம். இது தூய இனத்தைக் காப்பாத்தறதுக்கு. கலப்பு எடுக்கறவங்க சேவல் பக்கத்து இனத்தையும் பெட்டை பக்கத்து இனத்தையும் தனித்தனியா காப்பாத்திட்டு ஒவ்வொரு தடவையும் புதுசா கலக்கறதுதான் நல்லது, கலப்புக் குஞ்சைத் திரும்ப விதைக்கு நிறுத்தினா முன்ன சொன்ன அதே சிதறல் வரும்.

முட்டை விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். முட்டை எடையில மூணுல ரெண்டு பங்குதான் குஞ்சு எடை, அதனால விடைக்கோழி புதுசா வைக்கற குட்டி முட்டையை அடைக்கு வைக்காதீங்க. ஏழு நாளுக்குள்ள வெச்சுடுங்க. ஃபேன் உள்ள இன்குபேட்டர்னா 37.5லருந்து 37.7 டிகிரி, 18 நாள் வரைக்கும் திருப்பி விடணும், அதுக்கப்புறம் திருப்பறதை நிறுத்தி ஈரப்பதத்தை ஏத்தணும், 21ல பொரிக்கும். 18ஆவது நாள் முட்டை எடை ஏறக்குறைய 12 சதவீதம் குறைஞ்சிருக்கணும், ஈரப்பதம் சரியா இருந்துச்சான்னு காட்டறதுல முட்டைத் தட்டோட எடையை விட நல்ல மீட்டர் இல்ல. கரு உள்ளயே செத்துப் போறது ஜாஸ்தியா இருந்தா இன்குபேட்டரை மட்டும் திட்டாதீங்க, தாய்க்கோழித் தீவனத்துல பி2 வைட்டமின் குறைஞ்சாலும் அப்படி ஆகும்.

குஞ்சு வந்ததும் முதல் வாரம் 32லருந்து 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுட்டே வாங்க. தெர்மாமீட்டரை விட குஞ்சைப் பாருங்க, பல்புக்கு அடியில குவிஞ்சு கத்தினா குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு, பரவிப் படுத்திருந்தா சரியா இருக்கு. முதல் வாரங்கள்ல புரதம் 20லருந்து 22 சதவீதம் இருக்கற ஸ்டார்ட்டர் தீவனம் குடுங்க, இங்க சிக்கனம் பிடிச்சா அப்புறம் எவ்வளவு போட்டாலும் நெஞ்சுச் சதை வராது, உங்க எடைக் கணக்கும் அர்த்தம் இல்லாமப் போயிடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே கூடாது, அதுல இருக்கற கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துடும். வேகமா வளர்ற வகையா இருந்தா ராத்திரி தீவனத்தை எடுத்துடுங்க, பன்னெண்டு மணி நேரம் இருக்கட்டும், பன்னெண்டு மணி நேரம் வேணாம், தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும், வயித்துல நீர் கோர்த்துச் சாகறதும் கால் மடங்கறதும் நல்லா குறையும். கீழ போடற உமி, மரத்தூள் ஈரமாக விடாதீங்க, ரத்தக் கழிச்சல் அங்கருந்துதான் கிளம்பும். வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தை முதல் வாரத்துலயே போட்டுடணும், அடுத்த டோஸ் எப்பன்னு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு அதையும் அதே நோட்டுல எழுதிக்கோங்க.

வெட்டறதுக்கு முன்னாடி எட்டு மணி நேரமாவது தீவனத்தை நிறுத்திட்டு தண்ணி மட்டும் குடுங்க, குடல் காலியா இருந்தாத்தான் கறி அசுத்தம் ஆகாது. இறகு எடுக்க 60 டிகிரியை ஒட்டின தண்ணியில ஒரு நிமிஷம் முக்கினா போதும், கொதிக்கற தண்ணியில போட்டா தோல் வெந்து கிழியும். சுத்தம் பண்ணின கறியை உடனே குளிர வெச்சு ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல விடுங்க, வெட்டின உடனே இருக்கற விறைப்பு போனாத்தான் கறி மெத்துன்னு இருக்கும், மெதுவா வளர்ந்த கோழிக்கு இது ரொம்ப முக்கியம். அப்படி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு உடம்பையும் எடை போட்டு, நெஞ்சு அகலத்தையும் பார்த்து, அந்த வளைய நம்பருக்கு நேரா எழுதிடுங்க. எந்தச் சேவலோட பிள்ளைங்க உயிரோட இருக்கறப்ப கனமா இருந்து உரிச்சப்புறம் எலும்பா நின்னுச்சு, எதோட பிள்ளைங்க உரிச்சப்புறமும் நெஞ்சு நிறைய இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரியும். அடுத்த ஈட்டுக்கு எந்தச் சேவலைப் பெட்டைங்களோட விடறதுன்னு நான் முடிவு பண்றது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.