11-வது குரோமோசோமில் மோப்பம் தேடிய கதை

பாலூட்டிகளின் மோப்ப சக்தி எப்படி வளர்ந்தது என்று எவ்வளவுதான் படித்துக்கொண்டே இருப்பது, ஜீன் வரிசைகள் எல்லாம் இணையத்தில் சும்மா கிடக்கின்றன, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் ஜீனோம் பிரவுசர் (ஜீன் வரிசைகளை வரைபடம் மாதிரி காட்டும் இணையதளம்) போதும், காசு கிடையாது.

மோப்ப ஏற்பி ஜீன்களில், அதாவது மூக்கில் வாசனையைப் பிடிக்கிற புரதங்களுக்கான ஜீன்களில், நம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. புரதத்துக்கான பகுதி பெரும்பாலும் இடையில் வெட்டுப்படாமல் ஒரே துண்டாக, சுமார் 950 டிஎன்ஏ எழுத்தில் முடிந்துவிடும். அப்படியே நகலெடுத்து அமினோ அமிலமாக மாற்றலாம் (டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இருந்தால் மட்டும் திருப்பி, ஜோடி எழுத்துகளாக மாற்றிப் போடணும்). நடுவில் எம்-ஏ-ஒய்-டி-ஆர்-ஒய் (ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்) என்ற முத்திரை வந்தால் சரி, ஆள் இந்தக் குடும்பம்தான். 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் எலியில் கண்டுபிடித்து, 2004-இல் நோபல் வாங்கினார்களே, அதே குடும்பம்.

முதலில் மனிதனின் 11-வது குரோமோசோம். ஹீமோகுளோபினின் பீட்டா ஜீனைத் தேடி, அங்கிருந்து மெதுவாக இரு பக்கமும் விலகிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஓஆர்51வி1 (ஓஆர் என்று தொடங்கினால் மோப்ப ஏற்பி ஜீன்), ஹீமோகுளோபின் ஜீன்களின் கூட்டம் முடிகிற மறுபக்கம் ஓஆர்51பி4, அதையும் தாண்டினால் இரு பக்கமும் மோப்ப ஜீன்கள்தான். ரத்தச் சிவப்பணுவின் ஜீன் மூக்குக்காரர்களுக்கு நடுவே குடியிருக்கிறது! கொஞ்சம் தள்ளி ஓஆர்51இ2. இதில் முதல் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், மற்றபடி அதே முத்திரை. ஒரு ஜீன் பிரதியாகி, பிரதி பக்கத்திலேயே தங்கி, தனக்கென்று மாறிக்கொண்டு போனால் இப்படித்தான் வரிசையாக நிற்கும். படித்தபோது தலையை ஆட்டினேன், பார்த்தபோதுதான் உறைத்தது.

செத்த பிரதிகளும் அதே தெருவில்தான். மனிதனுக்கு வேலை செய்கிற மோப்ப ஜீன் சுமார் 400, கெட்டுப்போனதும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஓஆர்7இ கூட்டத்தில் ஒன்றை எடுத்து மாற்றினால் பாதி தூரம் ஒழுங்காக வந்து, திடீரென்று புரதம் இத்தோடு முடிந்தது என்கிற நிறுத்தக் குறி, அதற்கப்புறம் வெறும் குப்பை. டால்பினில் நிலைமை இன்னும் மோசம். மூளையில் வாசனைக்கான பகுதியான மோப்பக் குமிழே இல்லாத பிராணிக்கு இந்த ஜீனில் ஒரு எழுத்து பிசகினால் என்ன நஷ்டம், இயற்கைத் தேர்வு கண்டுகொள்ளாது, உடைசல் அப்படியே தங்கிவிடுகிறது.

எண்ணிக்கையை வைத்து மூக்கை எடை போடுகிறவர்களுக்கு ஒன்று: வேலை செய்கிற மோப்ப ஜீன் நாய்க்கு சுமார் 800, மாட்டுக்கு 1,000-க்கும் மேல். துப்பறிய மாட்டையா கூட்டிப் போகிறார்கள்? ஜீன் எண்ணிக்கை, எத்தனை வகை வாசனையைப் பிடிக்கலாம் என்பதோடு சம்பந்தப்பட்டது, எவ்வளவு மெல்லிய வாசனையைப் பிடிக்கலாம் என்பதற்கு மூக்குக்குள் இருக்கும் திசுவின் பரப்பு, உறிஞ்சுகிற விதம், மூளை எல்லாம் சேரணும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து ஆப்பிரிக்க யானை. கிட்டத்தட்ட 2,000 ஜீன், கையால் நகலெடுக்கிற கதையே இல்லை. முத்திரையின் முதல் ஒய் இடத்தில் ஒய்யோ எஃப்போ எது வந்தாலும் பிடிக்கிற மாதிரி பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன், மனித வரிசையில் ஓடுகிறது. யானைக் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.