ஹூவெக் செல்கள் மூப்படையும் வரை

தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர் செல்களை, அதாவது ஹூவெக் செல்களை, அவை பிரிவதை நிறுத்தும் வரை வளர்ப்பது என் ஆய்வின் முதல் கட்டம். 1973இல் ஜாஃபி குழுவினர் கொலாஜினேஸ் நொதியால் இவற்றைப் பிரித்து வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் அடிப்படை அதுதான்.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாசேஜ் எண்ணை, அதாவது செல்களை எத்தனை முறை எடுத்துப் புதிதாக விதைத்தோம் என்ற கணக்கை வைத்து வயதைச் சொல்லாதீர்கள். ஒன்றை இரண்டாகப் பிரித்து விதைப்பவருக்கு ஒரு பாசேஜில் ஓர் இரட்டிப்பு, நான்காகப் பிரிப்பவருக்கு இரண்டு. அதனால் ஒட்டிய செல்களைப் பெயர்க்கும் டிரிப்சின் நொதியைப் போட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் செல்களை எண்ணிவிடுவேன். கிடைத்ததை விதைத்ததால் வகுத்து, அதன் 10 அடிமான மடக்கையை 3.32ஆல் பெருக்கினால் எத்தனை இரட்டிப்பு என்று தெரிந்துவிடும். அதை நோட்டில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் கடைசியில் கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

இளம் செல்கள் தரையில் பதித்த கற்கள் போல நெருங்கி நிற்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய, தட்டையான செல்கள் தலைகாட்டும். சிலவற்றில் இரண்டு உட்கரு இருக்கும். ஃபிளாஸ்க் நிறைய ஆகும் நேரமும் நீளும்.

மூப்பை உறுதி செய்ய எல்லோரும் போகும் வழி, பீட்டா கேலக்டோசிடேஸ் நொதி வேலை செய்தால் நீலமாகும் சாயம். இந்த நொதி இருப்பது லைசோசோமில், அதாவது செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் பையில். பிஎச் 4 அளவில்தான் நன்றாக வேலை செய்யும். மூப்படைந்த செல்லில் அது பெருகிக் கிடப்பதால் பிஎச் 6இலும் நீலம் தெரிகிறது. 1995இல் வந்த முறை. சாயம் போட்ட தட்டை வழக்கமான இன்குபேட்டரில் வைக்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் இறங்கினால் இளம் செல்லும் நீலமாகிவிடும். நெருங்கி வளர்ந்த செல்களும் இதே வேலையைக் காட்டும். நான் செல்களை இடைவெளி விட்டு விதைத்து, பக்கத்திலேயே அதே கொடையாளரின் இளம் செல்களையும் வைத்துத்தான் சாயம் போட்டேன்.

அதுவும் போதாது. செல் பிரிவதைத் தடுக்கும் பி16, பி21 புரதங்கள் ஏறியிருக்கின்றனவா, புதிதாக டிஎன்ஏ உருவாகிறதா என்றும் பார்த்தேன். இடம் கொடுத்து, புது மீடியம், அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவம் ஊற்றியும் பிரியாவிட்டால் சரி, மூப்புதான். பிரியாவிட்டாலும் செல் செத்துவிடுவதில்லை. ஐஎல்-6, ஐஎல்-8 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் அந்த மீடியத்தையும் வீசாமல் உறையவைத்திருக்கிறேன். அடுத்த கட்டத்தில் அதை இளம் செல்கள் மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும்.